ஆடிக்கு முன்னால் காய்ச்சிய பால்

நவம்பர் 13, வியாழக்கிழமை.

ஐந்தேகாலுக்கு எழுந்தேன். எங்கள் தெருவுக்கு ஆத்தூர் அணைத் தண்ணீர் வரும் முறை. முதலில் டிரம், அப்புறம் குடங்கள், கடைசியாகச் சமையலறைத் தவலை. இந்த வரிசை மாறினால் அன்று முழுக்க எனக்கு எதையோ மறந்துவிட்ட மாதிரியே இருக்கும். இட்லி ஊற்றினேன். கணவரின் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பட்டனைத் தைத்தேன். டைரியில் முந்தின நாள் பக்கத்தை எழுதி முடித்து மூடினேன்.

தட்டில் இட்லி வைக்கும்போது போன் வந்தது.

"மேடம், ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம். உங்க மேலயும் உங்க வீட்டுக்காரர் மேலயும் ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. பத்து மணிக்கு வந்துட்டுப் போங்க."

"எங்க மேலயா? என்ன சார் கம்ப்ளெய்ன்ட்?"

"அடுத்தவங்க வீட்டுப் பூட்டை உடைச்சு, உள்ள புகுந்து, வேற பூட்டுப் போட்டு வச்சிருக்கீங்களாமே?"

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சாக்பீஸ் பெட்டிக்குக்கூட ரசீது கேட்கிறவள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இடியாப்பக் குழலைத் திருப்பிக் கொடுத்த தேதியை எழுதி வைக்கிறவள். நான் பூட்டை உடைத்தேனாம்!

முதலில் சிரிப்பு வந்தது. போனை இட்லித் தட்டிலேயே வைத்துவிட்டேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பூட்டை உடைக்கவில்லை. ஆனால் வேறு பூட்டுப் போட்டது உண்மை. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்திரண்டு வயதாகிறது எனக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாடகை வீடு. கணவர் சேகர் டவுனில் சின்னதாக ஒரு ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குத் தாழ்ப்பாளும் கீலும் விற்றவர். சொந்தக் கதவு என்று ஒன்று அவருக்கு இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் வீடு பற்றி நினைக்கவே எங்களுக்குத் தைரியம் வந்தது.

பழனி ரோட்டுப் பக்கம் ஒரு நகரில் அந்த வீடு. இரண்டு படுக்கையறை, பின்னால் ஒரு முருங்கை. வீட்டின் சொந்தக்காரர் ராமசாமி, பழனிக்குப் பக்கத்து ஆயக்குடிக்காரர். அங்கே கொய்யாத் தோப்பு இருக்கிறது. மகன் படிப்பதற்காகத் திண்டுக்கல்லில் இந்த வீட்டைக் கட்டினாராம். மகன் இப்போது பெங்களூரில். மனைவி போன வருஷம் தவறிவிட்டார். "இனி எனக்கு எதுக்குங்க டவுனு? தோப்புக்கே போயிடறனுங்க" என்றார்.

முதல் முறை பார்க்கப் போனபோதே ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொடுத்தார். அறை அறையாகக் காட்டினார். சமையலறையில் ஓர் அலமாரி கொஞ்சம் தாழ்வாக இருந்தது. "அவ குள்ளமுங்க..." என்று ஆரம்பித்தார். வெளியே போய் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தவர், எங்களை உள்ளறைக்குக் கூப்பிட்டார். பீரோ மறைத்திருந்த ஒரு மூலை. பீரோவை அவரே தம் பிடித்து நகர்த்தினார்.

"இந்த மூலையைப் பாத்துக்கோங்க தங்கச்சி. அடைமழை பேஞ்சா இங்க ஓதம் ஏறி சுவரே ஈரமாயிருமுங்க. சொல்லாம வித்தா பாவமுங்க."

வீட்டை விற்க வந்தவர், வீட்டின் குறையைத் தானே பீரோவை நகர்த்திக் காட்டுகிறார்! இந்தக் காலத்தில் இப்படி ஒருவரா? வீடு திரும்பும் வழியில் நானும் சேகரும் அந்த மூலையைப் பற்றித்தான் பேசினோம். சுவரைப் பற்றி அல்ல, மனுஷரைப் பற்றி.

அப்படியும் நான் என் வழக்கத்தை விடவில்லை. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, வக்கீலின் கருத்து – எல்லாம் பார்த்தேன். அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்டைப் பதிவு செய்தோம். கிரையப் பதிவு அன்றுதான் வீடு எங்கள் கைக்கு வரும் என்று அதில் ஒரு வரி உண்டு. வக்கீல் எழுதியதை வாசித்து, இந்த வரி இருக்கட்டும், தெளிவாக இருக்கிறது என்று சொன்னவளே நான்தான்.

பேங்க் லோன் வர நாளாகும். அதற்குள் ஆடி வந்துவிடும். ஆடியில் யார் பத்திரம் பதிவார்கள்? அதனால் ஆவணி என்று பேசிக்கொண்டோம். எல்லாம் ஒழுங்கு.

ஆனி முடியப் போகும் நேரத்தில் ராமசாமி அண்ணன் சேகரின் கடைக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஏனுங்க, நான் சாமானெல்லாம் தோப்புக்கு எடுத்துட்டுப் போயிட்டனுங்க. வீடு விளக்கில்லாம கெடக்குது. அவ இருந்த வீடு, ஆடி முழுக்க இருட்டுல கெடந்தா எனக்கு மனசு கேக்காதுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள நீங்க பாலைக் காய்ச்சிருங்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தங்கச்சி வந்து ஒரு விளக்கு ஏத்தட்டும். ரிஜிஸ்டரை ஆவணியில வச்சுக்கலாமுங்க."

சேகருக்கு முகமெல்லாம் வெளிச்சம். எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

இருந்தாலும் கேட்டேன். "அண்ணே, சாவி குடுத்தது, பால் காய்ச்சுறது – இதை ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்குவோமா?"

அவர் முகம் சட்டென்று வாடியது. "நல்ல காரியம் பண்ணப் போறப்ப காகிதத்தை நீட்டுவாங்களா தங்கச்சி?"

சேகர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன்.

உங்களில் எத்தனை பேர் அந்த இடத்தில் பேனாவை மூடாமல் இருந்திருப்பீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பத்திர ஆபீஸில் நூறு கையெழுத்துப் போடுவோம். பால் காய்ச்சுகிற இடத்தில் ஒரு கையெழுத்துக் கேட்டால் அது அபசகுனம்! நம் ஜனங்களுக்கு மட்டுமே வாய்த்த தவறு இது. அதை, ரசீது இல்லாமல் சாக்பீஸ் வாங்காத நான் செய்தேன்.

பால் காய்ச்சிய அன்று அவரும் வந்திருந்தார். வாசல் கதவில் ஒரு பழைய பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது, துருப்பிடித்து. சாவியை நுழைத்தால் திரும்ப மாட்டேன் என்றது. அவரே எண்ணெய் விட்டு, தட்டி, ஒரு வழியாகத் திறந்தார். சேகர் இதற்காகவே காத்திருந்த மாதிரி மடித்த துணியிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்தார். கனமான திண்டுக்கல் பூட்டு. மஞ்சள், குங்குமம் வைத்தே கொண்டுவந்திருந்தார். புது வீட்டுக்கு நம்ம ஊர்ப் பூட்டுத்தான் போடவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ராமசாமி அண்ணன் அதை வாங்கிச் சாவியைப் போட்டுத் திருகித் திருகிப் பார்த்தார். "இதுதாங்க பூட்டு!" என்றார். பழைய பூட்டை அவர் கையாலேயே பழைய இரும்புக்குப் போடும் சாக்கில் போட்டார்.

பால் வைத்தேன். பித்தளைச் சட்டி, அம்மா எனக்குச் சீராகக் கொடுத்தது. எல்லாரும் சுற்றி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். விளிம்புக்கு வந்து, ஒரு கணம் நின்று, வழிந்தது. முதலில் கத்தியது யார் தெரியுமா? அவர்தான். "கெழக்கே பொங்குச்சுங்க! கெழக்கே பொங்குச்சு தங்கச்சி!"

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி முடிந்து போவேன். பெருக்குவேன், விளக்கேற்றுவேன், செத்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவேன். பால் சட்டியை அங்கேயே மேடையில் கவிழ்த்து வைத்திருந்தேன். அது அந்த வீட்டுச் சட்டி என்றே மனசில் ஆகிவிட்டது.

ஆவணி வந்தது. பேங்கிலும் லோன் தயார். "பையன் ஊர்ல இல்லீங்க, அவன் வரட்டும்" என்றார். புரட்டாசி வந்தது. "புரட்டாசியில எதுக்குங்க, ஐப்பசி பொறக்கட்டும்" என்றார். தமிழ் மாதங்களில் பாதி, காரியம் செய்யாமல் இருப்பதற்காகவே வைத்த மாதிரி இருக்கிறது. யாரையும் எதுவும் சொல்ல முடியாது. மாதத்தோடு யார் சண்டை போடுவது?

இதற்கிடையில் அந்தப் பக்கம் பெரிய ஜவுளிக்கடை வரப்போகிறது என்று ஒரு பேச்சு. கடை வந்ததோ இல்லையோ, அங்கே மனைக்கு விலை வந்துவிட்டது.

தீபாவளிக்குப் பிறகு போன். குரலில் பழைய இனிப்பு அப்படியே இருந்தது. "தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. பையன் ஒத்துக்க மாட்டீங்கறானுங்க. உங்க அட்வான்ஸைத் திருப்பித் தந்துடறனுங்க."

வீடு வாங்குமுன் வில்லங்கம் பார் என்கிறார்கள். மனைக்குப் பார்த்தேன். மகனுக்கு எந்த ஆபீஸில் போய்ப் பார்ப்பது?

எங்களுக்கு வேண்டியது அட்வான்ஸ் அல்ல, வீடு. பேசியபடி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். அதற்குப் பதில் வரும் என்று காத்திருந்தோம். பதிலுக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. இதுதான் கதை.

பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நின்றோம். எங்களோடு என் கொழுந்தன் முருகேசன். சேகரின் தம்பி. வாகன இன்சூரன்ஸ் வேலை பார்ப்பதால் ஸ்டேஷனுக்கு அடிக்கடி போய்வருகிறவன். அவன் வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தான்.

"மதனி, நல்லாக் கேட்டுக்கங்க. அவரு முந்திக்கிட்டாரு. நாமளும் இன்னைக்கே ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுக்கணும். மோசடின்னு. ஆனா வீட்டை விக்கிறேன்னு சொல்லிட்டு விக்கலைன்னு மட்டும் எழுதுனா, இது சிவில், கோர்ட்டுக்குப் போங்கன்னு அனுப்பிருவாங்க. ஒரே ஒரு வரி சேத்து எழுதணும். 'ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு எங்களிடம் பழகினார்.' அம்புட்டுத்தான். அந்த வரி இருந்தா கிரிமினல். இல்லாட்டி சிவில்."

"சிவில்னா என்ன?"

"சிவில்னா, தீர்ப்பு வார அன்னைக்கு உங்க பேத்தி போய் வாங்கிட்டு வருவா."

"எனக்குப் பேத்தியே இல்லையேடா."

"அதான் சொல்றேன். இனிமே பொறந்து, வளந்து, போய் வாங்கிட்டு வருவா."

சேகர் சிரிக்கவில்லை. "ஏலே, சும்மா வாலே" என்றார்.

உள்ளே எஸ்.ஐ. ஒரு பெண். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். ராமசாமி அண்ணன் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் பாதி எழுந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

எஸ்.ஐ. நேராக விஷயத்துக்கு வந்தார். "மேடம், பூட்டை மாத்தினீங்களா இல்லையா?"

"மாத்தினோம். அவர் முன்னாலதான் மாத்தினோம். பழைய பூட்டைக் கழட்டிப் போட்டதே அவர்தான்."

"ஐயா, நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தனுங்க." கொஞ்சம் யோசித்தார். "ஆனா மாத்துங்கன்னு நான் சொல்லலீங்களே."

"சாவி நீங்கதானே குடுத்தீங்க?"

"பால் காய்ச்சறதுக்குக் குடுத்தனுங்க. ஒரு நல்ல காரியத்துக்கு வேணும்னா குடுக்க மாட்டமுங்களா? அதுக்காக வீட்டையே வச்சுக்குவாங்கன்னு யாருங்க கண்டது?"

முழுப் பொய் சொன்னால் எதிர்த்துப் பேசிவிடலாம். பாதி உண்மையை என்ன செய்வது? அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நடந்தது. வரிசை மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு இல்லை. 'கெழக்கே பொங்குச்சுங்க' இல்லை. அவர் விட்டதையெல்லாம், பூட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தது வரை, நான் சொன்னேன்.

எஸ்.ஐ. எங்கள் அக்ரிமெண்டை வாங்கிப் படித்தார். விரலை ஓர் இடத்தில் வைத்தார். "கிரையம் ஆகுற அன்னைக்குத்தான் வீடு உங்க கைக்கு வரும்னு போட்டிருக்கே, மேடம்?"

நான் தெளிவாக இருக்கிறது என்று சொன்ன அதே வரி. ரொம்பத் தெளிவாகத்தான் இருந்தது.

"பால் காய்ச்சினதுக்கு, வெள்ளிக்கிழமை விளக்கேத்தச் சொன்னதுக்கு ஏதாவது எழுத்துல இருக்கா?"

"இல்லை."

"ஏன் வாங்கலை?"

சேகர் தரையைப் பார்த்தார். என்ன சொல்வது? நல்ல காரியம் என்றா?

எஸ்.ஐ. நல்லவர். அதையும் எழுதத்தான் வேண்டும். குரலைத் தணித்துச் சொன்னார். "பூட்டை உடைச்சாங்கன்னு இவர் சொல்றதை நான் அப்படியே நம்பலை. பூட்டை உடைக்கிறவங்க மஞ்சள் குங்குமம் வச்சுப் பூட்டுக் கொண்டுபோக மாட்டாங்க. ஆனா மனு வந்திருக்கு, விசாரிக்கணும். உங்களுக்கு ஏதாவது புகார் இருந்தா நீங்களும் எழுதிக் குடுங்க."

முருகேசன் தயாராக வைத்திருந்த தாளை நீட்டினான். நான் எழுத உட்கார்ந்தேன். எழுதுவது என் தொழில். அக்ரிமெண்ட் தேதி, அட்வான்ஸ், சாவி தந்த விதம், பால் காய்ச்சியது, பூட்டு, ஆவணி, புரட்டாசி, போன்... வரிசை பிசகாமல் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் அந்த இடம் வந்தது.

"இங்கதான், மதனி" என்றான் முருகேசன் காதோரமாக. "'ஆரம்பத்திலிருந்தே'ன்னு தொடங்குங்க."

ஆரம்பத்திலிருந்தே.

எழுதினால் என்ன? அவர் எழுதவில்லையா, நாங்கள் பூட்டை உடைத்தோம் என்று? அதைவிட இது பெரிய பொய்யா? எழுதிவிட்டால் நாளைக்கு அவர் வக்கீலைத் தேடி ஓடுவார். பெங்களூரிலிருந்து மகன் ஓடி வருவான். சமாதானம் பேசுவார்கள். ஒருவேளை வீடே எங்கள் கைக்கு வந்துவிடும். ஒரு வரிக்கு ஒரு வீடு!

பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது. ஒரு புள்ளி விழுந்ததுகூட நினைவிருக்கிறது.

ஆனால் பீரோ நகர்ந்த சத்தம் காதில் கேட்டது. ஏமாற்ற வந்தவர், ஓதம் ஏறுகிற மூலையை, தம் பிடித்துப் பீரோவை நகர்த்தியா காட்டுவார்?

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். "அண்ணே, ஒண்ணு கேக்குறேன். முதல் நாள் பீரோவை நகத்தி அந்த மூலையைக் காட்டினீங்களே... எதுக்குக் காட்டினீங்க?"

அவர் திடுக்கிட்டார். மஞ்சள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சொல்லாம விக்கக் கூடாதுன்னுதானுங்க."

"அப்ப அன்னைக்கு எங்களுக்கு விக்கணும்னுதான் நினைச்சீங்க?"

"ஆமாங்க." பையைப் பார்த்தபடி, மெதுவாக, "சத்தியமா அன்னைக்கு அப்படித்தானுங்க நெனச்சன்."

முருகேசன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மதனி... நம்ம கேஸை நீங்களே முடிச்சு வச்சுட்டீங்களே!"

நான் பேனாவை மூடினேன். அந்தப் பேனாவை இரண்டாவது முறையாக மூடினேன். முதல் முறை மூடியதால் வீட்டில் பாதி போனது. இந்த முறை மீதி.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். பிறகு ராமசாமி அண்ணன் பக்கம் திரும்பினார். "ஐயா, அந்த அம்மா தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சே உண்மையைக் கேட்டு வாங்கிட்டாங்க. இப்ப நீங்க சொல்லுங்க. பூட்டை உடைச்சாங்களா? இல்லை, உங்க கண்ணு முன்னாடி மாத்தினாங்களா?"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வார் என்றுதான் நினைத்தேன். பீரோவை நகர்த்திய மனுஷர் அந்த உடம்புக்குள் எங்கேயாவது இருப்பார், எழுந்து வருவார் என்று நினைத்தேன்.

அவர் எழுந்தார். பையிலிருந்து போனை எடுத்தார்.

"பையனைக் கேட்டுச் சொல்றனுங்க" என்று வெளியே போனார்.

உண்மையைச் சொல்ல மகனிடம் அனுமதி! எஸ்.ஐ. தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

திரும்பி வந்தவர் பெஞ்சில் உட்காராமலே சொன்னார். "சாவியைக் குடுத்துட்டா மனுவை வாபஸ் வாங்கிக்கலாங்கறானுங்க."

"உடைச்சாங்களா இல்லையான்னு கேட்டேனே?"

"அதை விடுங்க மேடம்... பெரிய வார்த்தை எதுக்குங்க."

வீட்டை ஒப்படைப்பது, மனுவை வாபஸ் வாங்குவது, மற்றதைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். அதற்கு முன் எங்கள் வக்கீலிடம் போனில் கேட்டபோது, "குடுத்துடுங்க, வழக்கு அதனால போகாது" என்றார். எப்போது முடியும் என்று கேட்டேன். "முடியும்" என்றார்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. சட்டம் கேட்கிற கேள்வி, முதல் நாள் அவர் மனசில் என்ன இருந்தது என்பது. சரி. அன்று அவர் நல்லவர்தான், நானே சாட்சி. ஆனால் கடைசி நாள் மனசில் என்ன இருந்தது என்று யாருமே கேட்பதில்லையே? ஒருவர் தொடக்கத்தில் நல்லவராக இருந்துவிட்டால் போதும். பிறகு எவ்வளவு கெட்டுப்போனாலும் சிவில்தான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வீடு செலவாகியிருக்கிறது.

மதியம் ஒரு கான்ஸ்டபிள் துணையோடு நாங்கள் மூவரும் சாமான் எடுக்கப் போனோம். முருங்கை பூத்திருந்தது. சேகர் பூட்டைத் திறந்தார். எங்கள் சாமான் என்று அங்கே என்ன இருக்கிறது? குத்துவிளக்கு, உப்பும் மஞ்சளும் வைத்த ஜாடி, பால் சட்டி. ஒரு கட்டைப்பைகூட நிரம்பவில்லை.

கிளம்பும்போது உள்ளறையை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். ஒரு வாரமாக மழை. அவர் சொன்ன மூலையில், அவர் சொன்னபடியே ஓதம் ஏறியிருந்தது.

வாசலில் ராமசாமி அண்ணன் சாவிக்காகக் கையை நீட்டினார். சேகர் பூட்டையும் சாவியையும் சேர்த்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க... பூட்டு?"

"இது என் கடைப் பூட்டு."

"அப்பக் கதவை எப்படீங்க பூட்டறது?"

"நாங்கதான் பூட்டை உடைச்சவங்களாச்சே. உடைச்ச பூட்டை எங்கயாச்சும் வச்சிருப்பீங்க, தேடிப் போடுங்க."

"கிண்டல் பண்ணாதீங்க. கதவைத் தொறந்து போட்டுட்டு எப்படீங்க ஆயக்குடி போவேன்?"

"ஊரு திண்டுக்கல்லு. பூட்டுக்கா பஞ்சம்? கடைக்கு வாங்க, எல்லாருக்கும் என்ன வெலையோ அதே வெலைக்குத் தாரேன்."

கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். ராமசாமி அண்ணன் கடைசியில் முருங்கையில் கட்டியிருந்த துணி உலர்த்தும் கயிற்றை அவிழ்த்து, தாழ்ப்பாளைச் சுற்றிக் கட்டினார். முடிச்சு நழுவி நழுவிப் போனது.

நாங்கள் வண்டியில் ஏறும்போது பக்கத்தில் வந்தார். "மனசுல வச்சுக்காதீங்க தங்கச்சி."

சேகர் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் திரும்பினார். "கம்ப்ளெய்ன்ட் எழுதும்போதும் தங்கச்சின்னுதான் எழுதினீங்களா?"

அவர் கயிற்று முடிச்சின் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் வந்துவிட்டோம்.

முருகேசன் வீடுவரை வந்து காப்பி குடித்துவிட்டுப் போனான். போகும்போது கட்டைப்பையைக் கையால் தூக்கி எடை பார்த்தான். "உண்மை பேசுனதுக்குக் கெடைச்சது இம்புட்டுத்தான் மதனி. ஒரு விளக்கு, ஒரு ஜாடி, ஒரு பால் சட்டி."

அவன் சொன்னது தப்பில்லை. அந்த வரியை எழுதாமல் விட்டதில் எனக்கு நிம்மதி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. நல்லது செய்தால் மனசு லேசாகும் என்று பள்ளிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அதற்குக் கீழேதான் என் மேசை. எனக்கு லேசாகவில்லை. அந்தப் புள்ளி விழுந்த தாளை மடித்து வைத்திருக்கிறேன். சில நேரம் தோன்றுகிறது, எழுதியிருக்கலாமே என்று. எழுதியிருந்தால், இதை எந்த வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்?

அன்றிரவு டைரியில் தேதி மட்டும் போட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்கேற்றப் போக வேண்டிய இடம் இல்லை. எழுந்ததும் முதல் வேலையாக அந்தப் பித்தளைச் சட்டியைக் கழுவி, பாலை ஊற்றி அடுப்பில் வைத்தேன். பக்கத்திலேயே நின்றேன். பால் ஏறி, விளிம்புக்கு வந்து, ஒரு கணம் நின்றது. அடுப்பை அணைத்தேன்.

காப்பிக்குப் பால் பொங்க வேண்டியதில்லை.